அனுபவம்: இல்லை

பியற்றிஸ் பொய் சொல்லத் தெரியாத பிறவி. அப்படிப்பட்டவள் முப்பத்தைந்தாம் வயதில், அதுவும் யூனிவேர்சிற்றிக்குப் போடுகிற படிவத்தில், பச்சைப் பொய் ஒன்றை எழுதினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எழுதினாள். "சிறுவர்களோடு பழகிய அனுபவம்" என்று கேட்டிருந்த பெட்டிக்குள், மணிமணியான கையெழுத்தில், "எனக்கு இரண்டு பிள்ளைகள். வேறு அனுபவம் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆறு வருசமாகச் சனிக்கிழமை தவறாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துவருகிற மனுசி எழுதின வசனம் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற ஆட்களைக் கண்டிருப்பீர்கள். இவள் தோட்டத்தையே மறைத்தாள்.

அவசரப்பட்டு அவளை விசரி என்று சொல்லிப்போடாதேயுங்கோ. காரணம் இருக்கிறது.

எண்பத்தேழாம் ஆண்டு ஜனவரியில், விசாவில் ஏதோ பிசகு என்று அவளுடைய புருசன் பெனடிக்றைப் பிடித்துக்கொண்டு போய் லண்டன் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தடுப்பு முகாமில் போட்டார்கள். கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறோம் என்றார்கள். அந்த நாளில் கொழும்புக்குத் திரும்பிப் போகிற யாழ்ப்பாணத்து இளந்தாரியை அங்கே யார் காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வால்தம்ஸ்டோ என்ற பகுதியில் ஒற்றை அறையில், கையைப் பிடித்தபடி ஒன்று இடுப்பில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு நின்ற பியற்றிஸ், ஊரில் மடுக் கோயில் மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தாள். பொன்னில் கை செய்து போட, வெள்ளியில் கால் செய்து போட அவளிடம் வசதி இல்லை. கொடுக்கக்கூடியது படிப்பிக்கிறது ஒன்றுதான்.

"தாயே, அவரை வெளியிலை விடப் பண்ணும். இஞ்சை இருக்கிற எங்கடை பிள்ளையளுக்கு நான் சனிக்கிழமை சனிக்கிழமை படிப்பிக்கிறன். அதுக்கு ஒரு சதமோ ஒரு சாமானோ ஒரு பாராட்டோ வாங்கமாட்டன். அதைக் காட்டி எனக்கெண்டு ஒண்டும் கேக்கவும் மாட்டன்" என்றாள்.

நாற்பத்துமூன்றாம் நாள் பெனடிக்ற் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வாசலில் வந்து நின்றான்.

அடுத்த சனிக்கிழமையே பங்குக் கோயில் மண்டபத்தில் ஐந்து பிள்ளைகளோடு வகுப்புத் தொடங்கியது. கிறிஸ்தவம், சைவம் என்ற பேதமில்லாமல் பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து பன்னிரண்டாகி, இருபதாகி, முப்பத்தெட்டில் வந்து நின்றது. தவநாயகி என்று ஒரு தாய் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தாள். பியற்றிஸ் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். பரிசளிப்பு விழாப் புத்தகத்தில் தன் பெயரைப் போடவேண்டாம் என்றாள். யாராவது "பெரிய உதவி ரீச்சர்" என்று தொடங்கினால், பேச்சை மாற்றிக்கொண்டு கதிரை அடுக்கப் போய்விடுவாள். சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரீச்சருக்குச் சரியான எடுப்பு, தலைக்கனம்" என்று தங்களுக்குள் கதைத்தார்கள். நேர்த்தியை வெளியில் சொல்லித் திரிந்தால் பலனில்லாமல் போகும் என்பது அவளுடைய எண்ணம். அதனால் பெனடிக்றுக்குக்கூடத் தெரியாது. அவன் தன் பங்குக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் புறுபுறுத்தான். "ஒரு நாள் லீவு. அதையும் ஊருக்குக் குடுத்துப்போட்டு வாறீர். வீட்டிலை ரெண்டு பேர் இருக்கிறது நினைவிருக்கோ?" என்பான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இப்போது விளங்குகிறதா? அந்தப் பெட்டிக்குள் "ஆறு வருசம்" என்று எழுதுவது அவளுக்கு மாதாவைச் சந்தையில் வைத்து விலை பேசுகிற மாதிரி. எழுதக் கை வரவில்லை.

ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கான அந்த யூனிவேர்சிற்றி இடம் அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், சொல்லி முடியாது. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலிருந்து அவளுக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. கடிதம் வந்த கிழமைதான் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகு நேர்முகமாவது மண்ணாவது! ஊரை விட்டு, கடலைத் தாண்டி, லண்டனில் ஒரு தையல் பக்டரியில் ஏழு வருசம் சட்டைக் கொலர் தைத்தாள். சட்டை முழுவதும்கூட இல்லை, வெறும் கொலர். ஒரு நாளைக்கு இருநூறு. பக்டரியை இழுத்து மூடினபோது எல்லாரும் அழுதார்கள். பியற்றிஸ் வீட்டுக்குப் போகிற வழியில் நூல்நிலையத்துக்குள் போய், கொலிச்சின் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அக்சஸ் கோர்ஸ் என்று பெயர். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோன வளர்ந்த ஆட்களை ஒரு வருசம் கொலிச்சில் இருத்திப் படிப்பித்து, யூனிவேர்சிற்றி வாசலில் கொண்டுபோய் விடுகிற வகுப்பு. பஸ் கொண்டக்ரர், இரண்டு தரம் விவாகரத்தான அம்மா, சிறையிலிருந்து வந்த ஒருவர் என்று பல சாதி மனிசர். யாரும் யாரையும் "உமக்கேன் இந்த வயதிலை இந்த வேலை" என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தக் கொலிச்சுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று பியற்றிஸ் சொல்லுவாள். காலையில் கன்ரீனில் ஒரு கப் தேத்தண்ணியோடு, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, தன்னை ஒருத்தரும் தேடாத அந்தக் கால்மணி நேரம் இருக்கிறதே, அதற்காக அவள் தினமும் பஸ்ஸிலேயே ஒரு செபம் சொல்லிக்கொண்டு வருவாள். செபம் என்றால் கேட்கிற செபம் இல்லை. நன்றி சொல்லுகிற செபம்.

அங்கே அவளுக்குப் பொறுப்பாக இருந்தவள் மோரீன். ஜமெய்க்காவில் பிறந்து சின்ன வயதில் லண்டனுக்கு வந்தவள். பியற்றிசைவிட இரண்டு வயதுதான் மூப்பு. "என்னை மோரீன் எண்டு கூப்பிடு" என்று அவள் செப்ரெம்பரிலிருந்து கெஞ்சினாள். பியற்றிசுக்கு வாய் வரவில்லை. வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு அழுகிப்போகும் என்கிற மாதிரி, "மிஸ்" என்றே நின்றாள். மோரீன் வகுப்புக்குள் வந்தால் எழும்பியும் நிற்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு பஸ் கொண்டக்ரரும் எழும்பத் தொடங்கிவிட்டார் என்பது வேறு கதை.

தொண்ணூற்றுமூன்று பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, மோரீன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் யூனிவேர்சிற்றிக் கடிதம். போன வருசம்வரை அது பொலிடெக்னிக். பெயர்ப்பலகையில் பெயின்ற் இன்னும் காயவில்லை. ஆனால் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்குப் படிப்பிக்கிறதில் அதற்கு நல்ல பெயர் இருந்தது.

"உன்ரை கட்டுரை நல்லதாம், மார்க்ஸ் நல்லதாம்," என்றாள் மோரீன். "ஆனால் பிள்ளைகளோடு பழகின அனுபவம் இல்லாத ஆளை ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்கமாட்டினமாம். நான் போன் எடுத்துச் சண்டை பிடிச்சன். வெள்ளிக்கிழமைக்குள்ளை ஒரு அத்தாட்சி குடுத்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவினம். நீ பிள்ளைகளோடு நிக்கிறதைக் கண்ட ஆராவது ஒரு ஆள். சேர்ச், கிளப், என்னவெண்டாலும் சரி."

பியற்றிஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் இல்லை, மிஸ்."

"பியற்றிஸ், நீ சனிக்கிழமை எங்கை போறனி?"

அவள் திடுக்கிட்டுப் போனாள்.

"நான் சனிக்கிழமை வைக்கிற மேலதிக வகுப்பு ஒண்டுக்கும் நீ வரேல்லை. மற்ற நாள் காய்ச்சலோடும் வாறாய். எங்கை போறாய் எண்டு கேட்டால் பேச்சை மாத்துறாய். ஏதோ இருக்கு."

"இருக்கு, மிஸ். ஆனால் சொல்லேலாது."

மோரீன் பெருமூச்சு விட்டாள். "வெள்ளிக்கிழமை நாலு மணி," என்றாள். "அதுக்குப் பிறகு நான் கும்பிட்டாலும் நடக்காது."

அன்றைக்குப் பின்னேரம் பியற்றிசுக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருசத்தில் இரண்டாவது நேர்முக வாய்ப்பு. முதலாவதைக் கலவரம் தின்றது. இரண்டாவதை இவளே தின்னப் போகிறாள். எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றாள். "உமக்குக் குடுத்த வாக்கை மீறமாட்டன். ஆனால் எனக்குக் கவலையாக் கிடக்கு. அதையாவது சொல்லலாம்தானே?" என்றாள். 

பெனடிக்ற் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு ஷிப்ட். புதன்கிழமை காலை ஏழரைக்கு வந்து ஒரு சப்பாத்தைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்; மற்றதைக் கழற்ற மறந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டான். அவள் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் நின்றபடியே வாசித்தான்.

"உதுக்கோ இந்தக் கவலை? சனிக்கிழமை படிப்பிக்கிறதை எழுதும். ஃபாதரிட்டை ஒரு கடிதம் வாங்கும். முடிஞ்சுது அலுவல்."

"அது சொல்லேலாதப்பா."

"ஏன் ஏலாது? களவே எடுக்கிறீர்?"

"ஏலாதெண்டால் ஏலாது. விடுங்கோ."

பெனடிக்ற் நல்லவன்தான், ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்த மனிசனுக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும்? குரல் ஏறியது. "கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிற ஆளை இப்பதான் பாக்கிறன்! ஆறு வருசம் பியற்றி! ஆறு வருசம் என்ரை பிள்ளையளை ஒரு சனிக்கிழமை பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனீரோ? ஊர்ப் பிள்ளையளுக்கு அள்ளி இறைச்சீர். இப்ப அது ஒருக்கால் உமக்கு உதவப் போகுது, அதுக்கும் வாயைத் திறக்கமாட்டீர். ஆருக்காக இந்தத் தியாகம்?"

"உங்களுக்காக," என்றாள் பியற்றிஸ்.

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு மறைத்து என்ன பிரயோசனம்? குந்தியிருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்துமூன்று நாளையும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக நேர்த்தியையும் சொன்னாள். "நீங்கள் உயிரோடை என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கிறியள். அதுக்குரிய கூலியை நான் வாங்கிட்டன். ரெண்டாம் தரம் வாங்கேலாது," என்றாள்.

பெனடிக்ற் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சோறு மூடி வைச்சிருக்கு. சாப்பிட்டிட்டுப் படுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னேரம் வந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். சோறு மூடினபடியே கிடந்தது. பிள்ளைகளின் பெயரும் வீட்டு நம்பரும் எழுதின வகுப்பு வரவு இடாப்பு அலுமாரிக்குள் இல்லாமல் மேசையில் கிடந்தது. பிள்ளைகள் எடுத்து விளையாடியிருப்பார்கள் என்று அவள் அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி வந்தது, போனது. பியற்றிஸ் மனதுக்குள் அந்த இடத்துக்குப் பூசை வைத்து, அடக்கமும் செய்துவிட்டாள். திங்கட்கிழமை மோரீன் நடைபாதையில் ஓடிவந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகமாம்.

"எப்பிடி, மிஸ்?"

"பக்ஸ் மெசினிலை ஒரு கடிதம் அனுப்பினன்," என்றாள் மோரீன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. கண் மட்டும் ஒரு மாதிரிச் சிவந்திருந்தது. மோரீன்தான் தனக்காகக் கெஞ்சி எழுதியிருக்கிறாள் என்று பியற்றிஸ் நினைத்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வியாழக்கிழமை நீலச் சேலை, மேலே கோட், கையில் சேர்ட்டிபிக்கேற் போட்ட பைல். நேர்முகம் செய்தவர் மிஸிஸ் ஹார்கிரீவ் என்று ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவராம். அவர் அறைக்குள் வரும்போது பியற்றிஸ் எழும்பினாள். அவர் பேனை எடுக்க எழும்பியபோது இவளும் எழும்பினாள். அவர் ஜன்னலைச் சாத்தப் போனபோது மூன்றாம் தரமும் எழும்பினாள்.

"தயவுசெய்து இரும். எனக்குக் களைக்குது," என்றார் மிஸிஸ் ஹார்கிரீவ்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "அனுபவம் இல்லையெண்டு எழுதியிருக்கிறீர். எனக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகளின்ரை பெயரும் வீட்டு நம்பரும் வந்திருக்கு. நான் ரெண்டு வீட்டுக்குப் போன் எடுத்துப் பாத்தன்."

பியற்றிஸ் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு. மோரீனுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு வீட்டிலை தகப்பன் ஒருத்தர், மிஸ்டர் யோகலிங்கம், நீர் சரியான கண்டிப்பு எண்டார். ஒரு நிமிசம் பிந்தினாலும் மகளை வாசல்லை நிப்பாட்டிப் போடுவீராம். மற்ற வீட்டிலை ஒரு அம்மா, நீர் தலைக்கனம் பிடிச்சவ, தந்த சேலையைத் திருப்பித் தந்தவ எண்டு குறை சொன்னா. குறை சொல்லி முடிச்சிட்டு, தன்ரை மூண்டு பிள்ளையளும் உம்மட்டைத்தான் படிச்சதெண்டும், நாலாவதுக்கு இப்பவே இடம் வேணுமெண்டும் சொன்னா." அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயின் ஒரு ஓரம் அசைந்தது. "ஏன் இதை எழுதேல்லை?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பியற்றிஸ் தட்டுத்தடுமாறி நேர்த்திக் கதையைச் சொன்னாள். தனக்குத் தெரியாமல் யாரோ சொல்லிவிட்டார்கள் என்றாள். "அந்தச் சனிக்கிழமைகளுக்காக நீங்கள் எனக்கு இடம் தந்தால் நான் அதை எடுக்கக்கூடாது, மேடம். அது நான் பட்ட நன்றிக்கடனுக்குச் செய்யிறது. அதை வைச்சு இன்னொண்டு வாங்கேலாது."

மிஸிஸ் ஹார்கிரீவ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். முப்பது வருசத்தில் எத்தனை பேர் அவருக்கு முன்னால் இருந்து தங்களைப் பற்றிப் புளுகியிருப்பார்கள்! தன் பெருமையைக் கணக்கெடுக்காதே என்று சண்டைபிடிக்கிற ஆளை அவர் கண்டிருக்கமாட்டார்.

"சரி," என்றார். "நல்லது ஒண்டும் சொல்லவேண்டாம். நீர் அந்த வகுப்பிலை விட்ட பிழை ஒண்டைச் சொல்லும். அது சொல்லலாமோ?"

பியற்றிஸ் யோசித்தாள். புண்ணியத்தைச் சொல்லமாட்டேன் என்றுதான் மாதாவுக்கு வாக்கு. பாவத்தைச் சொல்லமாட்டேன் என்று அவள் எப்போது சொன்னாள்? பாவத்தைச் சொல்லத்தானே கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியே கட்டி வைத்திருக்கிறார்கள்.

"நான் ஒரு பிள்ளைக்கு அடிச்சனான்," என்றாள்.

அடுத்த கணமே தெரிந்துவிட்டது, தன் கழுத்தில் தானே கயிறு போட்டாகிவிட்டதென்று. இந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் அடி தடைசெய்யப்பட்டு ஐந்தாறு வருசம். ஆசிரியர் பயிற்சிக்கு வந்த இடத்தில் யார் இதைச் சொல்லுவார்கள்? ஆனால் தொடங்கியாகிவிட்டது. இனிப் பாதியில் விட ஏலாது.

"வகுப்புத் தொடங்கின முதல் வருசம். கோதை எண்டு ஏழு வயதுப் பிள்ளை. நான் கேட்டதுக்கெல்லாம் இங்கிலீசிலை பதில் சொல்லிச்சுது. மற்றப் பிள்ளையள் சிரிச்சுதுகள். எனக்குக் கோவம் வந்திட்டுது. அடிமட்டத்தாலை உள்ளங்கையிலை ஒண்டு போட்டன். மெதுவாத்தான். எங்களுக்கு ஊரிலை அடிச்சதிலை காவாசிகூட இல்லை. அந்தப் பிள்ளை அழேல்லை, மேடம். கையைப் பாத்தது, என்னைப் பாத்தது. பிறகு வாயே திறக்கேல்லை. தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. தாய் வந்தா. சண்டை பிடிக்கப் போறா எண்டு பயந்துகொண்டு நிண்டன். அவ என்ன சொன்னா தெரியுமோ? 'நல்லா அடியுங்கோ ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிட்டு' எண்டா. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறவை. அதுதான் மரியாதை. அண்டைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைக்காகக் கோவிக்க அறைக்குள்ளை ஒரு ஆளும் இல்லை."

"பிறகு?"

"அடுத்த சனிக்கிழமை எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னாலை கோதையிட்டை மன்னிப்புக் கேட்டன். ஊரிலை கேட்டால் சிரிப்பினம். ரீச்சர் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கிறதோ எண்டு. அடிமட்டத்தை அவளிட்டையே குடுத்தன், கோடு கீற வைச்சுக்கொள்ளச் சொல்லி. அவள் மூண்டு மாசம் கதைக்கேல்லை. நான் கேள்வி கேக்கிறதை விட்டன். அவளுக்குப் பக்கத்திலை இருந்து, நான் பிழை பிழையா இங்கிலீசிலை கதை சொன்னன். பிழை விட்டால் அவளாலை பொறுக்கேலாது. திருத்துவாள். முதல் இங்கிலீசிலை திருத்தினாள். பிறகு 'ரீச்சர், இது தமிழிலை என்ன?' எண்டு கேட்டாள். அதிலையிருந்து இண்டைவரைக்கும் நான் ஒரு பிள்ளையிலையும் கை வைக்கேல்லை. இவ்வளவுதான், மேடம். நீங்கள் இடம் தராட்டில் எனக்கு விளங்கும்."

எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. கை ஆடினது, குரல் ஏறினது இறங்கினது, கோதையைப் போல முகத்தை வைத்துக்காட்டியும் இருக்கிறாள். நிறுத்தினபோதுதான் வெட்கம் வந்தது. மிஸிஸ் ஹார்கிரீவ் தாளில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"முதல் வேலைக்குப் போன வருசம் நானும் ஒரு பிள்ளைக்கு அடிச்சனான்," என்றார். "மன்னிப்புக் கேக்கேல்லை. கேக்கவேணும் எண்டு எனக்குத் தோணவும் இல்லை."

பேனையை மூடி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"செப்ரெம்பர் மாசம் வாரும். கடிதம் தபாலிலை வரும். உம்மடை சனிக்கிழமைகளுக்காக நான் இடம் தரேல்லை, நல்லாக் கேட்டுக்கொள்ளும். அந்த அடிமட்டத்துக்காகத் தாறன். அதை வாங்கலாம்தானே?"

பியற்றிஸ் தலையை ஆட்டினாள். எங்கள் ஆட்கள் ஓம் என்று ஆட்டுகிற ஆட்டம் வெள்ளைக்காரருக்கு ஓமா இல்லையா என்று தெரியாது; "ஓம் எண்டுதான் நினைக்கிறன்," என்றார் அவர். "தாங்க் யூ மேடம், தாங்க் யூ," என்றாள் பியற்றிஸ். மோரீனுக்கும் சொல்லவேண்டும், அந்தக் கன்ரீன் தேத்தண்ணிக்கும் சொல்லவேண்டும், கோதைக்கும் சொல்லவேண்டும். யாருக்கு முதலில் சொல்லுவது என்று தெரியாமல் எழும்பினாள்.

"இரும்," என்றார் மிஸிஸ் ஹார்கிரீவ். "எனக்கு ஒரு வேலை மிச்சம் கிடக்கு. என்னட்டை ஒருத்தர் ஒண்டு கேட்டிருக்கிறார். அந்த நம்பர் எல்லாம் அனுப்பின ஆள்."

மேசையிலிருந்து ஒரு பக்ஸ் தாளை எடுத்தார். பியற்றிஸ் எட்டிப் பார்த்தாள். சாய்ந்த, பெரிய பெரிய எழுத்து. பெற்றோல் ஸ்ரேசன் ரசீதுகளில் அவள் தினமும் காணுகிற எழுத்து. மிஸிஸ் ஹார்கிரீவ் மெதுவாக வாசித்தார். உடைந்த இங்கிலீசுதான், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்புக்குரிய மேடம், நான் பியற்றிசின் புருசன். புருசனுடைய கடிதம் அத்தாட்சிக்குச் செல்லாது என்று மிஸ் மோரீன் போனில் சொன்னா. பரவாயில்லை, எழுதுகிறேன். நான் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் இதை எழுதுகிறேன். எந்த வீட்டுக்கும் போன் எடுங்கள். சிலர் குறை சொல்லுவார்கள். அதையும் கேளுங்கள். என் மனைவி மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தவள், வாயைத் திறக்கமாட்டாள். நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

ஆறு வருசமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவளை ஏசினேன். அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை எல்லாம் எனக்காக என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் மனைவிக்கு நன்றி சொல்லுகிற வழக்கம் இல்லை, மேடம். நான் போய்ச் சொன்னால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். எப்படிச் சொல்லுகிறதென்று எனக்குத் தெரியவில்லை. இடம் கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் அவளை நேரில் கண்டால், தயவுசெய்து எனக்காக அதைச் சொல்லிவிடுங்கள்."

மிஸிஸ் ஹார்கிரீவ் தாளை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவளை நேருக்கு நேரே பார்த்து, அழுத்தம் திருத்தமாக, "தாங்க் யூ, பியற்றிஸ்," என்றார்.

ஆறு வருசமாக யார் வாயிலிருந்து அது வந்தாலும் எழும்பிக் கதிரை அடுக்கப் போன மனுசி, அன்றைக்கு எழும்பவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதுகொண்டு, எதிரில் இருப்பது யூனிவேர்சிற்றி மேடம் என்பதையும் மறந்து, பெனடிக்றிடம் சொல்லுகிற மாதிரித் தமிழிலேயே சொன்னாள்:

"அதுக்கென்னப்பா."